யேசு வேஷத்துக்குத் தடவிய மருந்து

வழுக்கைத் தலையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கால் நொண்டினால் சிரிக்க மாட்டார்கள், கண் மங்கினால் சிரிக்க மாட்டார்கள், தலையில் முடி இல்லை என்றால் மட்டும் ஊரே சிரிக்கும். எனக்கு முப்பது வயதில் முன்நெற்றி ஏறத் தொடங்கியது. ஐம்பதைத் தொட்டுவிட்ட இந்த வயதில் நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. கடைக்கு வருகிறவன் ஒயர் விலை கேட்பதற்கு முன்னால் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறான். அதனால் அல்போன்சைப் பற்றி நான் சொன்னால்தான் சரியாக இருக்கும். முடி உள்ளவன் சொன்னால் பாதியில் கிண்டலுக்குப் போய்விடுவான். கிண்டலுக்கு இதில் இடம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் தணிகாசலம். முதலியார்பேட்டையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு இரண்டு கடை தள்ளி அல்போன்சின் பட்டறை. மோட்டார் காயில் கட்டுகிறவன். தண்ணீர் மோட்டார், கிரைண்டர், மிக்சி, எரிந்துபோன எதைக் கொண்டுபோனாலும் உள்ளே கருகிக் கிடக்கும் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பான். கம்பியும் வார்னிஷும் என் கடையில்தான் வாங்குவான். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரியாங்குப்பத்தில். தினமும் பாலம் தாண்டி பைக்கில் வந்து போவான். அவன் மனைவி அகஸ்டினா ஒரு பள்ளிக்கூட ஆபீசில் அட்டெண்டர்.

அல்போன்ஸ் ஆள் உயரம், ஒல்லி. நீண்ட முகம், உள்ளே போன கன்னம், தோளில் புரளும் முடி. இப்படி ஒரு உருவத்தோடு ஒருவன் மாதாகோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் என்ன நடக்கும்? யேசு வேஷம் கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாஸ்கா நாடகம் உண்டு. யேசுவைப் பிடிப்பது, பிலாத்து முன்னால் நிறுத்துவது, அடிப்பது, சிலுவையில் அறைவது எல்லாம் கோயில் மைதானத்தில் மேடை போட்டு நடக்கும். நடிப்பவர்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள்தான். யூதாஸ் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுவான். ஒருவனும் இரண்டாம் தடவை ஒத்துக்கொள்ள மாட்டான், வீட்டில் பெண்டாட்டியே ஒரு மாதிரி பார்க்கிறாளாம். யேசு மட்டும் பதினோரு வருஷமாக அல்போன்ஸ். நான் மயிலம் முருகனைக் கும்பிடுகிறவன். இருந்தாலும் என் கம்பியில் காயில் கட்டுகிறவன் சிலுவையில் தொங்குவதைப் பார்க்காமல் இருக்க முடியுமா, தவறாமல் போய்விடுவேன்.

அதற்கு முந்தைய அல்போன்சையும் நான் பார்த்திருக்கிறேன். காலையில் கடை திறக்கும்போதே கை நடுங்கும். சாயங்காலம் அவன் பைக் பாலத்துக்குப் போகாது, சாராயக்கடைப் பக்கம் தானாகத் திரும்பும். நம் ஊரில் அதற்கு ரொம்ப தூரம் அலையவும் வேண்டாம். அகஸ்டினா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த நிலையில்தான் அப்போதிருந்த பங்குச் சாமியார் அவனைக் கூப்பிட்டு, “வேஷம் குடுக்கிறேன். ஆனா அங்கி போடறவன் வருஷம் பூரா குடிக்கக் கூடாது. குடிச்சேன்னு என் காதுக்கு வந்துச்சு, அங்கி வேற ஆளுக்குப் போயிடும்” என்றாராம். ஒரு குடிகாரனுக்கு ஏன் கொடுத்தார் என்று கேட்டால், முகம் பொருத்தமாக இருந்தது, வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த நிபந்தனையை விடவில்லை. முதல் வருஷம் அல்போன்ஸ் பட்ட பாடு எனக்குத் தெரியும். வேர்த்து ஊற்ற, என் கடை ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டு, “பேசிக்கிட்டே இருங்கண்ணே, எதனா பேசுங்க” என்பான். அப்படித்தான் விட்டான். விட்டது விட்டதுதான்.

“அந்த அங்கிதாண்ணே எங்க குடும்பத்தக் காப்பாத்துது” என்று அகஸ்டினா ஒருமுறை என்னிடம் சொன்னாள். அவள் அதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. அங்கி போனால் இவனும் போய்விடுவான் என்று அவள் நம்பினாள். வருஷா வருஷம் கோயிலில் யாருக்கு எந்த வேஷம் என்று பெயர் வாசிக்கும் நாள் வரைக்கும் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பாள்.

அந்த அங்கிக்குத்தான் மயிர் ரூபத்தில் ஆபத்து வந்தது.

அல்போன்சுக்கு உச்சந்தலையில் கொட்டத் தொடங்கியது. ஓரத்தில் தோள் வரைக்கும் தொங்கும், நடுவில் ஆளில்லை. டோப்பா வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பக்கத்துப் பங்கில் வைத்துப் பார்த்தார்கள். முள்முடி சூட்டும் காட்சியில் சேவகன் ஒருவன் ஆவேசத்தில் தலையைப் பிடித்து இழுக்க, டோப்பா அவன் கையோடு வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அன்றிலிருந்து சுற்று வட்டாரத்தில் எந்தப் பங்கிலும் யேசுவுக்குச் சொந்த முடிதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாடகத்தில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. சிலுவையில் தொங்கி, கடைசி வார்த்தையைச் சொல்லி, தலையைச் சாய்த்தான். உயிர் போய்விட்டது. மேலே கட்டியிருந்த போகஸ் லைட் நேராக அவன் உச்சந்தலையில் விழுந்தது. மைதானமே விம்மிக்கொண்டிருந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குழந்தை, “அம்மா, சாமிக்குச் சொட்டைம்மா!” என்றது. முதலில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு அந்த வரிசை, அதற்கடுத்த வரிசை. செத்தவன் தலையைத் தூக்க முடியுமா? மரியா வந்து அழுது, சீடர்கள் வந்து இறக்கும் வரைக்கும் அவன் அப்படியே குனிந்து, அந்தச் சிரிப்பு அத்தனையையும் கேட்டுக்கொண்டு தொங்கினான். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவன் கன்னத்தில் வழிந்தது மேக்கப் ரத்தம் மட்டும் இல்லை.

அதற்கடுத்த வருஷம் ஒரு மாதிரி சமாளித்தார்கள். முள்முடியைப் பெரிதாகக் கட்டி, லைட்டை ஓரமாகத் திருப்பி வைத்தார்கள். ஆனாலும் நாடகக் கமிட்டியில் பேச்சு கிளம்பிவிட்டது. ஜோசப் ஆனந்த் என்று ஒரு பையன் இருக்கிறான். டவுனில் ஒரு ஓட்டலில் வேலை, இருபத்தாறு வயது, முடி அருவி மாதிரி. அடுத்த தடவை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு தகவல் கிடைத்தது. டவுனில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் ஆண்களின் வழுக்கைக்குப் புதிதாக ஒரு தடவுமருந்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஐம்பது வயதுக்குள் இருக்கிற ஆட்கள் வேண்டும் என்று. ஐம்பது தொட எனக்கு இன்னும் சில மாதம் இருந்தது. விடுவேனா? அல்போன்சையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஹேமலதா என்று ஒரு பெண், அந்தச் சோதனை வேலையைப் பார்த்துக்கொள்பவள். பொறுமையாக விளக்கினாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து கலந்த பாட்டில், மீதிப் பேருக்கு அதே நிறம், அதே வாசனை, ஆனால் மருந்து இல்லாத பாட்டில். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

“டாக்டருக்காவது தெரியுமாம்மா?” என்றேன்.

“அவருக்கும் தெரியாது சார். தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும். அதுக்குத்தான் இப்படி.”

டாக்டருக்கே தெரியாத மருந்தை என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். உச்சந்தலையில் பச்சை குத்துகிற மாதிரி ஒரு கடுகளவு புள்ளி வைத்தார்கள். அதைச் சுற்றிக் கொஞ்சம் முடியைக் கத்தரித்துப் பெரிதாக்கிப் படம் எடுத்தார்கள். அடுத்தடுத்து வரும்போது அதே புள்ளியைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து, முடி கூடியிருக்கிறதா என்று எண்ணுவார்களாம். ஆறு மாதம் இப்படி. காலையும் சாயங்காலமும் தலை காய்ந்திருக்கும்போது சொட்டுக் குழாயால் தடவ வேண்டும், முடியின் நீளத்தை மாற்றக் கூடாது, வேறு எண்ணெய் தைலம் எதுவும் ஆகாது.

“முக்கியமா ஒரு வேளை கூட விடாதீங்க. சேர்றேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, தடவாம பாட்டில வீட்ல வச்சிருந்தா எங்க கணக்கு எல்லாம் வீணா போயிடும்” என்றாள் ஹேமலதா.

“விட மாட்டேன் மேடம்” என்றான் அல்போன்ஸ். பாதிரியாருக்குச் சத்தியம் செய்கிற குரலில் சொன்னான்.

வெளியே வந்ததும் என்னிடம் சத்தியம் வாங்கினான். “அண்ணே, இது வெளிய போவக் கூடாது. யேசு வேஷம் போடறவன் முடி மொளைக்க மருந்து தடவுறான்னு தெரிஞ்சா அந்தச் சிரிப்பு இந்த ஜென்மத்துக்கு அடங்காது. அகஸ்டினாவுக்குத் தெரிஞ்சா அவ தங்கச்சிக்குத் தெரியும். தங்கச்சிக்குத் தெரிஞ்சா பங்குக்கே தெரியும்.”

ஆக, பாட்டில் பட்டறையிலேயே இருந்தது. காலையில் வந்ததும் ஒரு தடவை. சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை. தடவிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போவான்.

அந்த மருந்தில் ஒரு சங்கதி இருந்தது. அதைக் கரைப்பதற்கு ஸ்பிரிட் சேர்த்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் குப்பென்று வரும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. என் மனைவி ஒரு நாள், “என்ன, ஊசி போட்டுக்கிட்டு வந்தியா?” என்று கேட்டாள், அத்தோடு சரி. எங்கள் வீட்டில் அந்த வாசனைக்கு ஒரு சரித்திரமும் கிடையாது. அல்போன்ஸ் வீட்டில் இருந்தது.

நவம்பர் கடைசியில் அகஸ்டினா என் கடைக்கு வந்தாள். ஸ்விட்ச் ஒன்று வாங்குகிற மாதிரி நின்றாள். கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “அண்ணே, அவரு மறுபடி ஆரம்பிச்சுட்டாரா?” என்றாள்.

“யாரும்மா சொன்னா?”

“யாரும் சொல்லல. வாசன வருது. தெனம் வீட்டுக்குள்ள நொழையும்போதே வருது. வார்னிஷ்னு சொல்லிடாதீங்க. அந்த நாத்தத்தோடதான் இத்தன வருஷமா குடும்பம் நடத்துறேன். இது அது இல்ல.”

“அவன் குடிக்கலம்மா. அது எனக்குத் தெரியும். என் புள்ள மேல சத்தியமா சொல்றேன். மத்தத நீ அவன் வாயாலயே கேளு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. “கேட்டா இல்லன்னு சொல்லுவாரு. முன்னையும் அதத்தாண்ணே தெனம் சொன்னாரு. வாய்ல நாத்தத்த வச்சுக்கிட்டே இல்லன்னு சொன்னாரு. அத இன்னொரு வாட்டி கேக்க எனக்குத் தெம்பு இல்ல” என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த ஸ்விட்சை வாங்காமலே போய்விட்டாள். கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவார்கள் என்பதும் அவள் முன்பே பார்த்ததுதானே. என் சத்தியத்துக்கு என்ன மரியாதை இருக்கும்?

நான் அப்போதே பட்டறைக்குப் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். “பாட்டில எடுத்துட்டுப் போயி வீட்ல காட்டுடா. அவ பயந்து சாவுறா.”

அல்போன்ஸ் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். “தெரியும்ணே. தோய்க்கப் போடற மாதிரி சட்டைய எடுத்து மோந்து பாக்குறா. பைக்கு பெட்டியத் தொறந்து பாக்குறா. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு மூஞ்சிகிட்ட குனிஞ்சு பாக்குறா.” மறுபடி கம்பியை எடுத்தான். “பதினோரு வருஷம்ணே. ஒரு சொட்டு இல்ல. அதுக்கு அப்புறமும் அவளுக்கு நான் அந்த ஆளுதானா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கட்டும். கேட்டா பாட்டில எடுத்து முன்னால வைக்கிறேன்.”

“அவ கேக்க மாட்டாடா!”

“அப்ப நானும் சொல்ல மாட்டேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் தலையில் மிச்சமிருந்த முடியையும் பிய்த்திருப்பேன். அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அவள் கேட்பதற்குப் பயந்தாள், இவன் சொல்வதற்கு ரோஷப்பட்டான். ஒரே வீட்டில், ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் கிறிஸ்துமஸைக் கடத்தினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். முடி வளரத்தான் செய்தது. காடாக இல்லை. வெளிச்சத்தில் பார்த்தால் பூனைமுடி மாதிரி, நடுவில் ஒரு பரவல். ஹேமலதா படம் எடுத்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள். “என் மூஞ்சியப் பாத்து எதுவும் கண்டுபிடிக்காதீங்க சார்” என்பாள். அல்போன்ஸ் பட்டறையில் ரசம் போன ஒரு கண்ணாடியையும் என் கடைக் கண்ணாடியையும் முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்படுவான். என் தலையில் ஒன்றும் இல்லை, அது பாட்டுக்கு இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் அகஸ்டினா தனியாகப் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தாள். புதிதாக வந்த இளம் சாமியார். இது எனக்குப் பிறகுதான் தெரியும், அவளே சொன்னாள்.

“இந்த வருஷம் அவருக்கு வேஷம் குடுக்காதீங்க ஃபாதர்” என்றிருக்கிறாள். “குடிக்கிறாரு போல. குடிச்ச வாயோட சிலுவையில ஏறி ஆண்டவர் பேசின வார்த்தயப் பேசக் கூடாது. அந்தப் பாவம் எம் பொண்ணு தலையில விழும்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கல ஃபாதர். வாசன வருது.”

“அவரக் கூப்பிட்டுக் கேக்கட்டுமா?”

“வேணாம். நான் சொன்னேன்னு தெரிய வேணாம். குடிக்காகன்னு ஊருக்கும் தெரிய வேணாம். முடிக்காக மாத்திட்டாங்கன்னே அவரு நெனச்சுக்கட்டும்.”

அந்த அங்கி இல்லையென்றால் வீடு போய்விடும் என்று நம்புகிறவள் அவள்தான். அவளே போய் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போதும் அவன் மானத்துக்கு ஒரு மறைப்பைப் போட்டுவிட்டு வந்தாள். அவன் குடிக்கவில்லை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியாது.

நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு பூசை முடிந்ததும் பெயர் வாசித்தார்கள். யேசு, ஜோசப் ஆனந்த். அல்போன்சுக்கு யேசுவின் சீடன் பேதுரு வேஷம். கோயில் படங்களில் பேதுருவைப் பார்த்திருக்கிறீர்களா? நல்ல வழுக்கை. பெயர் வாசிக்கும்போது இரண்டு பேர் திரும்பி அவன் தலையைப் பார்த்தார்களாம். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அகஸ்டினா பஸ் ஏறி முதலியார்பேட்டைக்கு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பட்டறைக்குக் கூடவே நடந்துவந்தபோதுதான் சாமியாரைப் பார்த்த விஷயத்தைச் சொன்னாள். வழியில் இருந்த சாராயக்கடையில் எட்டிப் பார்த்தேன், அவன் பைக் இல்லை. பட்டறை வாசலில் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, உள்ளே லைட் எரிந்தது.

ஷட்டருக்குக் கீழே குனிந்த அகஸ்டினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வாசன வருதுண்ணே” என்றாள்.

“வரட்டும். உள்ள போ.”

அல்போன்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டிருந்தான். இடது கையால் உச்சந்தலை முடியை வகிர்ந்து பிடித்துக்கொண்டு, வலது கையில் சொட்டுக் குழாயைப் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் திருடன் மாதிரி விழித்தான்.

“வேளையாச்சு. ஒரு வேளை கூட விட மாட்டேன்னு அந்த மேடத்துகிட்ட சொல்லியிருக்கேன்” என்றான்.

வேஷம் போய்விட்டது. முடி இனி வளர்ந்தாலும் ஒன்றுதான், வளராவிட்டாலும் ஒன்றுதான். அப்போதும் சொன்ன சொல்லுக்காக உட்கார்ந்து தடவிக்கொண்டிருக்கிறான். இந்த மனுஷனைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா என்று எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

அகஸ்டினா பாட்டிலை எடுத்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். மறுபடி கொண்டுபோனாள். “இதுவா?” என்றாள். “இத்தன மாசமா இதுவா?”

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். இனி என்ன சத்தியம், அவன் தலையில் அவள் கண்முன்னாலேயே வழிந்துகொண்டிருந்தது. அவள் கேட்டு முடித்ததும் அவன் தோளில் இரண்டு அடி அடித்தாள். பிறகு கம்பிச் சுருள் மேலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

“நாந்தான் சாமியாருகிட்ட சொன்னேன். நீ குடிக்கிறேன்னு நாந்தான் சொன்னேன்.”

அல்போன்ஸ் சொட்டுக் குழாயைக் கீழே வைத்தான். “முடிக்காக இல்லயா?” என்றான்.

“இல்ல.”

“ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அகஸ்டி.”

“கேட்டா இல்லன்னு சொல்லுவ. அப்பவும் இல்லன்னுதான சொன்ன.”

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா, சொன்னேன்” என்றான்.

அவள் சட்டென்று எழுந்தாள். “வா, இப்பவே சாமியாருகிட்ட போவோம். இந்தப் பாட்டில எடுத்துக்கோ. நான் மண்டி போட்டுக் கேக்கறேன். வேஷத்த மாத்தித் தரச் சொல்றேன்.”

அல்போன்ஸ் எழுந்திருக்கவில்லை. “காலையில பேர் வாசிச்சதும் ஆனந்து என்னத் தேடிக்கிட்டு வந்தான். ‘நேத்து வரைக்கும் குடிச்சிருக்கேண்ணே, ஒரு வருஷம் என்னால முடியுமா’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். முடியும்டான்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இப்ப போயி அங்கியப் புடுங்கினா அவன் எங்க போவான்னு எனக்குத் தெரியாதா?”

“அப்ப உனக்கு?” என்றாள் அகஸ்டினா.

அந்தக் கேள்விதான். அவள் கேட்கப் பயந்த கேள்வி, நானும் பயந்த கேள்வி. அங்கி இல்லாமல் உன்னால் இருக்க முடியுமா?

“தெரியல” என்றான். “பாப்போம்.”

தவக்காலம் முழுக்க எனக்கு அவன் மேல்தான் கண். பாட்டில் வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்கால வேளைக்கு அகஸ்டினாவே தடவிவிட்டாள். அவனுக்குத் தெரியாத இடத்தில் எல்லாம் முடி முளைத்திருப்பதாகச் சொன்னாளாம். நான் பார்த்தவரை அவ்வளவெல்லாம் இல்லை. கடைசிப் படம் எடுக்கப் போனபோது அல்போன்ஸ், “எந்தப் பாட்டில்னு எப்ப மேடம் தெரியும்?” என்று கேட்டான். சோதனை எல்லா ஊரிலும் முடிந்த பிறகுதான் சொல்வார்கள் என்றாள் ஹேமலதா.

படி இறங்கும்போது, “வெறும் ஸ்பிரிட்டா இருந்தா என்னடா பண்ணுவ?” என்று சீண்டினேன்.

“ஆறு மாசம் கையில வச்சிருந்து வாயில ஊத்தாம தலையில ஊத்தியிருக்கேன்ல, அதுக்கு எதனா குடுங்கன்னு கேப்பேன்” என்றான். பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தான்.

பெரிய வெள்ளி நாடகத்தில் பேதுருவாக வந்தான். யேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, சேவல் கூவியதும் அழ வேண்டும். நன்றாகவே அழுதான். தன் காட்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. ஜோசப் ஆனந்த் சிலுவையில் ஏறும்போது எந்தக் கட்டையில் காலை வைத்தால் வலிக்காது என்று பின்னால் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பையன் தலையைச் சாய்த்தபோது எல்லார் கண்ணும் அவன் மேல் இருந்தது. நான் திரையோரம் நின்ற அல்போன்சைப் பார்த்தேன். பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

ஈஸ்டருக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். அகஸ்டினாவின் தம்பி பிரான்சிலிருந்து லீவில் வந்திருந்தான். நல்ல பையன், வெள்ளை மனசு, அல்போன்ஸ் குடித்த காலத்தில் சின்னப் பையன், இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. இலை போட்டதும் ஒரு ஒயின் பாட்டிலைக் கொண்டுவந்து திறந்து, எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினான். அல்போன்சுக்கும் ஒரு கிளாஸ் ஊற்றி முன்னால் வைத்தான்.

“ஜுவாயெஸ் பாக், ஹேப்பி ஈஸ்டர் மாமா! வருஷா வருஷம் அங்கி போடணும், அங்கி போடணும்னு தட்டிக் கழிப்பீங்க. இப்பத்தான் அங்கி இல்லயே. இது சாராயம் இல்ல மாமா, பூசையில சாமியாரே குடிக்கிறதுதான்.”

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக யார் கிளாசை நீட்டினாலும் அல்போன்ஸ் சொல்கிற பதில் அது ஒன்றுதான். அந்தப் பதில் இப்போது அவனிடம் இல்லை.

சோற்றுப் பாத்திரத்தோடு வந்த அகஸ்டினா நின்றாள். கிளாசைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஓடிவந்து கிளாசைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் தம்பியைப் பிடித்துத் திட்டுவாள். அவள் இரண்டும் செய்யவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். கதவு மறைவில் நிற்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அடுப்பைப் பார்த்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

அல்போன்சும் அதைப் பார்த்தான். அவள் முதுகை ரொம்ப நேரம் பார்த்தான்.

“நான் குடிக்கறதில்லப்பா” என்றான். அவ்வளவுதான் சொன்னான், காரணம் எதுவும் சொல்லவில்லை. கிளாசை என் இலைப் பக்கம் நகர்த்திவிட்டுச் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசையத் தொடங்கினான்.

அப்பளத் தட்டோடு வந்த அகஸ்டினா என் இலை ஓரத்தில் இரண்டு கிளாஸ் இருப்பதைப் பார்த்தாள். தட்டை நடுவில் வைத்தாள். பரிமாற நிற்காமல், இன்னொரு இலையை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“பசிக்குது” என்றாள்.